விளையாட்டுக்குப் படிக்கிறவள்

தமிழில் விளையாட்டு என்ற சொல்லுக்குப் பெரிய மரியாதை கிடையாது. பொறுப்பில்லாதவனை விளையாட்டுப் பிள்ளை என்கிறோம். அக்கறையின்றிச் செய்த காரியத்தை விளையாட்டாகச் செய்துவிட்டான் என்கிறோம். சொன்னதைத் திரும்பப் பெற வேண்டுமென்றால், 'சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று சிரித்து நழுவிவிடுகிறோம். இந்தச் சொல்லை முனைவர் பட்டம் என்ற கனத்த சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் என்னவாகும் என்பதை மூன்று வருடங்களாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பழைய மாணவி ஒருத்தி வீடியோ கேம் வடிவமைப்பில் ஆராய்ச்சி செய்கிறாள்.

எங்கள் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படித்தவள் அவள். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அம்மா தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவர். அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. வீட்டின் முதல் பட்டதாரி. பட்டம் முடித்ததும் பி.எட். போவாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, நுழைவுத்தேர்வு எழுதி வெளிமாநிலத்தில் வடிவமைப்பு முதுகலை படிக்கப் போனாள். அது முடிந்ததும் ஆராய்ச்சி என்றாள். "வீடியோ கேமா? அது பசங்க ஆடுறதாச்சே" என்றார் ஆசிரியர் அறையில் ஒருவர். "தமிழ் படிச்சிட்டு இதுல என்ன மேடம் ஆராய்ச்சி?" என்றார் இன்னொருவர். நேரான கேள்வியைக் கேட்டவர் அவளுடைய அம்மாதான். "டீச்சர், பொம்பளப் பிள்ளைய விளையாட விட்டதே பன்னெண்டு வயசோட சரி. இப்ப இருபத்தஞ்சு வயசுல விளையாட்டப் படிக்கப் போறேங்குறா. இதுக்கு யாரு சம்மதிப்பா?"

அந்தக் கேள்வியின் முதல் பாதியில் இருக்கும் உண்மையை நாம் எல்லோரும் உடம்பால் அறிவோம். பாண்டி ஆடிக்கொண்டிருந்த தெருவிலிருந்து ஒருநாள் உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு அந்தத் தெரு நம்முடையதாக இல்லை. நம்மோடு ஆடிய பையன்கள் தெருவிலிருந்து மைதானத்துக்குப் போனார்கள், மைதானத்திலிருந்து இன்டர்நெட் சென்டருக்குப் போனார்கள், இப்போது கையில் கைபேசியோடு நள்ளிரவு வரை ஆடுகிறார்கள். நமக்கு வீட்டுக்குள் ஆடும் தாயமும் பல்லாங்குழியும் மிஞ்சின. அவையும் அடுப்பு வேலை முடிந்த பிறகுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவையும் இல்லை. நாற்பது வயது ஆண் கிரிக்கெட் மட்டையோடு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் அது உடற்பயிற்சி. நாற்பது வயதுப் பெண் திண்ணையில் உட்கார்ந்து தாயம் உருட்டினால் வேலையற்றவள்.

சங்க அகப்பாடல்களில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. இற்செறிப்பு. தோழியரோடு ஓரையாடியும் புனலாடியும் திரிந்த பெண்ணை, அவள் மேனியில் மாற்றம் கண்டதும், தாய் வீட்டுக்குள் அடைத்துவிடுவாள். தலைவனைச் சந்திக்க முடியாமல் போகிறது என்பதுதான் பாடல்களின் கவலை. உரையாசிரியர்களும் அப்படித்தான் விளக்கினார்கள், நானும் அப்படித்தான் படித்தேன். இரண்டாம் ஆண்டு வகுப்பில் இதை நடத்திக்கொண்டிருந்தபோது இந்தப் பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், காதலுக்குத் தடை வந்துச்சு, சரி. அவ விளையாட்டு என்னாச்சு?" வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. தொல்காப்பியம் உவகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது. செல்வம், அறிவு, கூடல் ஆகியவற்றோடு விளையாட்டையும் அதே வரிசையில் சமமாக வைக்கிறது. அந்த நான்கில் ஒன்றை ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததைக் குறிப்பிடக்கூட இல்லையே என்பதுதான் அவள் கேள்வி. அவளுடைய ஆய்வுக்கு விதை விழுந்தது அந்த வகுப்பில் என்று அவளே பின்னால் சொன்னாள்.

வீடியோ கேம் வடிவமைப்பில் ஆராய்ச்சி என்றால் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருப்பது என்று நினைக்கிறவர்கள் உண்டு. படம் வரைவது, நிரல் எழுதுவது என்று நினைக்கிறவர்களும் உண்டு. வடிவமைப்பின் நடுவில் இருப்பது இவை எதுவுமல்ல, விதிகள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, செய்தால் என்ன கிடைக்கும், எப்போது ஆட்டம் முடியும் என்ற விதிகளை எழுதுகிறவரே வடிவமைப்பாளர். ஒரு கதை தன் கருத்தைச் சொற்களால் சொல்கிறது. ஒரு விளையாட்டு தன் கருத்தை விதிகளால் சொல்கிறது. அமெரிக்க ஆய்வாளர் இயன் போகோஸ்ட் 2007இல் வெளிவந்த தன் நூலில் இதை விரிவாக எழுதினார். நம் பாட்டிகளுக்கு இது புதிதல்ல.

பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. இருவரும் சரிபாதியாகத் தொடங்குகிறோம். முதல் சுற்று முடிந்ததும் குறைவாக எடுத்தவள் தன்னிடம் இருப்பதை வைத்து எத்தனை குழியை நிரப்ப முடியுமோ அத்தனையை மட்டும் நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத குழிகள் அடுத்த சுற்றில் அவளுக்கு இல்லை. தோற்றவள் இன்னும் குறைந்த குழிகளோடு, இன்னும் தோற்கத் தோதாகத் தொடங்குகிறாள். ஒரு குழிகூட நிறையாத அளவுக்குக் காய் குறைந்துவிட்டால், குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடுவதை எங்கள் பக்கம் கஞ்சி காய்ச்சுவது என்போம். வறுமை எப்படி அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது என்று பொருளாதாரப் பாடம் நடத்தத் தேவையில்லை. மூன்று சுற்று ஆடினால் போதும்.

இதே காரியத்தை அமெரிக்காவில் தெரிந்தே செய்தவர் எலிசபெத் மேகி என்ற பெண். நிலம் சிலரிடம் குவிவதன் கேட்டை மக்களுக்கு உணர்த்த 'தி லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற பலகை விளையாட்டை உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்றார். அதற்கு இரண்டு விதித் தொகுப்புகள் இருந்தன. ஒன்றில் ஒருவர் செல்வம் சேர்த்தால் எல்லோருக்கும் பங்கு. மற்றொன்றில் ஒருவர் மற்ற எல்லோரையும் ஓட்டாண்டியாக்க வேண்டும். இரண்டாவது வகைதான் ஊர் ஊராகப் பரவியது. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை மொனாப்பொலி என்ற பெயரில் விற்றது. கண்டுபிடித்தவர் என்று உலகம் பல ஆண்டுகள் நம்பியது சார்லஸ் டாரோ என்ற ஆணை. மேகிக்குக் கிடைத்தது காப்புரிமைக்கான 500 டாலர்.

தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஆட்டத்தின் ஒழுங்கும் விதி, தலையெழுத்தும் விதி. 'எல்லாம் என் விதி' என்று ஒரு பெண் சொல்லும்போது, யாரோ எழுதிய ஓர் ஆட்ட ஒழுங்கைத்தான் பெரும்பாலும் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். விதிகளை எழுதப் படிப்பது, எழுதிய விதிகளை அடையாளம் காண்பது என்று இந்தப் படிப்பை விளங்கிக்கொண்ட பிறகு, ஒரு தமிழ்ப் பேராசிரியையாக எனக்கு அதில் அந்நியம் எதுவும் தோன்றவில்லை.

இலக்கியம் படித்தவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு இத்துறையின் வரலாறே பதில். கணினியில் கதை என்னவாகும் என்று ஆராய்ந்து 1997இல் 'ஹாம்லட் ஆன் தி ஹாலோடெக்' எழுதிய ஜேனட் மரே ஆங்கில இலக்கியம் படித்தவர். பிரெண்டா லாரல் நாடகத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். அட்டாரி நிறுவனத்தில் பணியாற்றிய அனுபவத்தோடு, கணினியை ஒரு மேடையாகப் பார்த்து எழுதினார். பிறகு சிறுமிகள் எதை ஆட விரும்புகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டறிந்து, அவர்களுக்காக 1996இல் பர்ப்பிள் மூன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1999இல் அது மூடப்பட்டது. ஆனால் சிறுமிகளிடம் போய்க் கேட்கலாம் என்பதே அன்றைக்குப் புதிய ஆய்வுமுறை.

எனக்கு மிகவும் பிடித்தவர் பிரெண்டா ரொமேரோ. அவருடைய மகள் பள்ளியிலிருந்து வந்து, ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட பாடத்தை எந்தச் சலனமும் இல்லாமல் ஒப்பித்தாள். அம்மா மரக்கட்டைப் பொம்மைகளைக் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகச் சாயம் பூசச் சொன்னார். பிறகு அவற்றிலிருந்து கைக்கு வந்ததை அள்ளிப் படகில் வைத்தார். அம்மா ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம் ஆயிற்று. படகில் உணவு போதாமல் போனபோது என்ன செய்வது என்று மகள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பாடம் அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. ஒரு தாய் சமையலறைக்குப் பக்கத்து மேசையில் செய்த இந்தக் காரியம், துன்பத்தை விளையாட்டாகச் சொல்லலாமா என்ற பெரிய விவாதத்துக்கு வழி திறந்தது.

தமிழிலிருந்தும் ஒரு சாட்சி வந்துவிட்டது. 2023இல் வெளியான 'வெண்பா' 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தியின் கதை. டொரன்டோவிலிருந்து விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கியது. அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட படிகளை ஆடுகிறவர் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லி ஊற்றுவது அங்கே ஒரு புதிர். 2024இல் அதற்கு அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. வகுப்பில் அதை ஓட்டிக் காட்டியபோது, "இதெல்லாம் கேமா மேடம்? எங்கம்மா தினமும் ஆடுறாங்க" என்றாள் ஒரு மாணவி.

என் மாணவியின் ஆய்வுக்கு வருகிறேன். அவளுடையது செயல்வழி ஆய்வு. ஆய்வேடு மட்டும் போதாது, ஒரு விளையாட்டையும் உருவாக்க வேண்டும். உருவாக்கி, ஆட வைத்து, பார்த்து, குறிப்பெடுத்து, மாற்றி, மறுபடி ஆட வைக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத வேண்டும். நிரல் தெரியாத தமிழ் மாணவியாக இருந்தபோதே ட்வைன் என்ற இலவசக் கருவியில் கிளைவிடும் கதைகளைச் செய்து பழகியிருந்தாள். பிறகு யூனிட்டி கற்றுக்கொண்டாள். ஆனால் எல்லாமே முதலில் காகிதத்தில்தான் தொடங்கும் என்கிறாள். அட்டையும் புளியங்கொட்டையும் போதுமாம்.

2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலிருந்து அவள் தொடங்கினாள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அதுவும் ஈடுபடுகிறவர்களின் சராசரிதான். பெண்களில் 81.2 சதவீதம் பேர் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான். ஒரு நாளை அரைமணிக்கு ஒரு காயாக 48 காய்கள் ஆக்கினாள். பெண்ணாக ஆடுகிறவர் வீட்டு வேலைக் குழியில் 10 காய்களைப் போட்டே ஆக வேண்டும். ஆணாக ஆடுகிறவர் 3 போட்டால் போதும். தூக்கம், கூலி வேலை, பயணம் எல்லாவற்றுக்கும் குழிகள். நாள் முடிவில் 'எனக்கு' என்ற குழியில் யாரிடம் அதிகக் காய் இருக்கிறதோ அவருக்கு வெற்றி.

எப்போதும் ஒரே ஆள்தான் வென்றார். ஆய்வுக் குழுக் கூட்டத்தில் இதைத்தான் கேட்டார்கள். ஆட்டம் என்றால் இருவருக்கும் வெல்ல வாய்ப்பு வேண்டாமா, இது விளையாட்டா பிரசாரமா? அன்று இரவு என்னைக் கூப்பிட்டுப் பேசினாள். "அவங்க கேட்டது சரிதான் மேடம். ஜெயிக்கவே முடியாத ஆட்டத்த ஒருத்தி ஏன் திரும்பத் திரும்ப ஆடணும்?" கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. வடிவமைப்புக் கேள்வியாக வந்தது, வேறொன்றாகவும் நின்றது. அதுவே அவளுடைய ஆய்வின் மையக் கேள்வியானது.

ஊருக்கு வந்து ஆட வைத்தாள். முதல் சிக்கல், ஆட வேண்டிய பெண்களுக்கு ஆட நேரமில்லை. அதையும் தரவாகக் குறித்துக்கொண்டாள். ஆலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் ஆடி முடிக்கும்படி ஆட்டத்தைச் சுருக்கினாள். ஆடிய பெண்கள் எல்லோரும் ஒன்றையே செய்தார்கள். தூக்கக் குழியிலிருந்து காயை எடுத்து மற்ற குழிகளில் போட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண் பக்கம் உட்கார்ந்து ஆடிய அவளுடைய தம்பியோ, வீட்டு வேலைக் குழியைப் பாதியில் விட்டுவிட்டு, "போடலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டான். போடாமல் இருக்கலாம் என்பது அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் தோன்றவே இல்லை.

அதன் பிறகு அவள் ஒரு விதியைச் சேர்த்தாள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இருவரும் பேசி, இருவரும் ஒப்புக்கொண்டால், ஏதாவது ஒரு விதியை மாற்றிக்கொள்ளலாம். ஆட்டமே மாறிவிட்டது. காய் போடும் நேரத்தைவிடப் பேரம் பேசும் நேரம் கூடியது. ஆணுக்கும் பத்துக் காய் என்று யாரும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். அவளுடைய அம்மா கேட்டது வேறு: "தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு வருது. அந்த நேரத்த மாத்தச் சொல்லு மொதல்ல." எதிரே இருக்கும் ஆட்டக்காரரால் மாற்ற முடியாத விதி அது. அதனால் இப்போது பலகையில் ஊர் என்று மூன்றாவது ஆட்டக்காரர் இருக்கிறார். கைபேசியில் ஆடும் வடிவத்தில் அந்த மூன்றாம் ஆளை எப்படி இயக்குவது என்பதுதான் இந்த வருட வேலை.

இந்த வழி எளிது என்று எந்த மாணவிக்கும் நான் சொல்ல மாட்டேன். 2014இல் கேமர்கேட் என்ற பெயரில் விளையாட்டுகளை விமர்சித்த பெண்கள் மீதும் உருவாக்கிய பெண்கள் மீதும் இணையத்தில் கொலை மிரட்டல்கள் குவிந்தன. அனிதா சர்கீசியன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேச இருந்த கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடக்கும் என்ற மிரட்டல் வந்து, அவர் அதை ரத்து செய்தார். இந்தத் துறை ஆய்வாளர்களின் அமைப்பும் தப்பவில்லை. இங்கே நம் பெண்களுக்கு அந்த மிரட்டலுக்கு முன்னாலேயே வேறு மிரட்டல்கள் இருக்கின்றன. இவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "கேம் ஆடுற பொண்ணு குடும்பம் நடத்துமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் பிஎச்.டி.க்குப் பதிவு செய்யப் போனபோது, "குழந்தை பெத்துட்டு வாம்மா, அப்புறம் இடையில நிக்காது" என்று எனக்குச் சொல்லப்பட்டது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் தொட்டிலை ஒரு காலால் ஆட்டியபடிதான் எழுதினேன். கால் நூற்றாண்டு ஆகப்போகிறது, வாக்கியம் மட்டும் வடிவம் மாற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே நடைமுறை விஷயங்கள் சிலவற்றை இந்த நூலைப் படிக்கும் மாணவிகளுக்குச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவன வளாகத்தில் டிஜிட்டல் கேம் வடிவமைப்பில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. மும்பை ஐஐடியின் ஐடிசி வடிவமைப்புப் பள்ளியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். வெளிநாடு என்றால், டென்மார்க்கின் கோபன்ஹேகன் ஐடி பல்கலைக்கழகம் இத்துறையின் பழைய ஆய்வு மையங்களில் ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு நீட்டிப்புக்கு இடமுண்டு. ஆய்வுக்காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்போ குழந்தைப் பராமரிப்பு விடுப்போ எடுக்கலாம். இது யாருடைய கருணையும் அல்ல, எழுதப்பட்ட விதி. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அவளுடைய அம்மாவிடம் நான் முதலில் சொன்னது இந்தத் தொகையைத்தான். பெண்ணுரிமையும் சொன்னேன், அது இரண்டாவதாக.

சேர்வதற்கு முன் நெறியாளரின் மாணவிகள் இருவரிடமாவது தனியாகப் பேசுங்கள். எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். கணினி தெரியாதே என்று தயங்க வேண்டாம், அதைக் கற்றுக்கொள்ளலாம். கேள்வி உங்களுடையதாக இருக்க வேண்டும், அதை வேறு யாரும் கற்றுத்தர முடியாது.

போன முறை வந்தபோது தன் காகிதப் பலகையின் ஒரு பிரதியை எங்கள் துறைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். மதிய இடைவேளையில் மாணவிகள் ஆடுகிறார்கள். முதலில் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர் அக்கா இப்போது அவர்களோடு ஆடுகிறார். பலகையின் ஓரத்தில் ஒவ்வொரு குழுவும் மாற்றிய விதியைப் பென்சிலால் எழுதி வைக்கிறார்கள். அக்காவின் கையெழுத்தில் ஒரு விதி இருக்கிறது: 'தூக்கக் குழியில் யாரும் கை வைக்கக் கூடாது.' போன வாரம் அதற்குக் கீழே யாரோ கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அதைப் பற்றி இன்னும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.